பத்துக்கு ஒன்பது

செவ்வாய்க்கிழமை மதியம், வகுப்பை முடித்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்த நேரத்தில் பியூன் வந்து நின்றார். பிரின்சிபால் கூப்பிடுகிறார் என்றார்.

"இப்பவேவா?"

"இப்பவேதான் மேடம். கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்காரு."

அந்த நர்ஸிங் கல்லூரியில் பிரின்சிபால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால், யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். நோட்டு மேடம் குடிக்காமலே பாட்டிலை மூடிவிட்டுப் படியிறங்கினார்.

நோட்டு மேடம் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். நாற்பத்தாறு வயது. பதினோரு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக ஓடித் தேய்ந்து, இடுப்பு இனிமேல் ஒத்துழைக்காது என்றான பிறகு, தபால் வழியில் மேற்படிப்பு முடித்துப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவர். வார்டில் இருந்த காலத்தில் கண்ட ஒரு விஷயம் அவரை விடவே இல்லை. அங்கே ஒரு தப்பு நடந்தால் யாரும் வாயைத் திறப்பதில்லை. அழுக்கு விரிப்பை உருவிவிட்டு வேறு விரிப்புப் போடுவதுபோல் போட்டுவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். அவர் கையாலும் ஒன்று நடந்திருக்கிறது. அதை அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, கட்டின புருஷனிடம்கூட.

அதனால்தான் மூன்று வருடத்துக்கு முன் அந்த நோட்டைக் கொண்டுவந்தார். ஆவணங்களில் அதன் பெயர் சிந்தனைக் குறிப்பேடு. வார்டுக்குப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள், அந்த வாரம் பார்த்ததையும் செய்ததையும் யோசித்து, எங்கே சறுக்கினோம், ஏன் சறுக்கினோம், மனசுக்கு எப்படி இருந்தது என்று இரண்டு பக்கம் எழுதித் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். முதல் நாளே வகுப்பின் நடுவில் நின்று சொன்னார்: "இது உனக்கும் எனக்கும் மட்டும். உங்கம்மா வந்து கேட்டாலும் காட்ட மாட்டேன். கடவுளே நேர்ல வந்து கேட்டாலும் காட்ட மாட்டேன்." பிள்ளைகள் அதற்குப் பாவமன்னிப்பு நோட்டு என்று பெயர் வைத்தார்கள். அது அவர் காதுக்கும் வந்தது. கோபம் வரவில்லை, உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

மார்க் போடும் எண்ணமே அவருக்கு முதலில் இல்லை. ஆனால் முதல் மாதம் அறுபது பேரில் பதினோரு பேர்தான் நோட்டைக் கொடுத்தார்கள். அதில் இரண்டு, எழுத்துப் பிழை உட்பட ஒன்றுபோல் இருந்தன. "மார்க் இல்லாத வேலைக்கு எந்தப் பிள்ளை மேடம் பேனாவைத் தொடும்?" என்றார் பிரின்சிபால். சரி என்று பத்து மார்க் வைத்தார். அதைப் பிரித்துப் போட்டதில், தன் தவறைத் தானே கண்டுபிடிப்பதற்குத்தான் பெரிய பங்கு.

அப்புறம் பார்க்க வேண்டுமே! பிள்ளைகள் மாய்ந்து மாய்ந்து எழுதினார்கள். வாரத்துக்கு வாரம் தவறுகள் கொட்டின. ஊசியைத் தவறான இடத்தில் குத்தியது, சுரம் பார்க்காமலே அட்டையில் எண் எழுதியது, வலியில் கத்தியவரை அதட்டியது. திங்கட்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அறுபது நோட்டையும் பரப்பி வைத்துக்கொண்டு, படித்துப் படித்து மேடம் கண் கலங்குவார். "இன்னிக்கும் உப்பு இல்ல" என்பார் லிஃப்ட் மெக்கானிக்கான அவருடைய வீட்டுக்காரர், தட்டை நகர்த்தியபடி. மேடத்துக்கு அது காதிலேயே விழாது.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்ததை அவரே கெடுத்துக்கொண்டார். நேற்று, திங்கட்கிழமை, கல்லூரியைச் சோதிக்க ஒரு குழு வந்தது. புதுமையாக என்ன செய்கிறீர்கள் என்ற தலைப்பில் ஒரு கோப்பு வைக்க வேண்டும். "உங்க நோட்டுதான் மேடம் நமக்குத் துருப்புச்சீட்டு. இருக்கிறதுலயே பிரமாதமா ஒரு பக்கம் எடுத்துக் குடுங்க" என்றார் பிரின்சிபால். அவரும் பத்துக்கு ஒன்பது வாங்கிய ஒரு பக்கத்தை எடுத்து, மாணவியின் பெயர்மேல் வெள்ளைத்தாளை ஒட்டி, ஜெராக்ஸ் போட்டுக் கோப்பில் வைத்தார். கடவுளுக்கும் காட்ட மாட்டேன் என்று சொன்னது அப்போது ஞாபகம் வரவில்லையா என்றால், வந்தது. பேர்தான் இல்லையே என்று அதன் வாயை அடைத்தார். வார்டு, கிழமை, தேதி, கட்டில் எண் எல்லாம் பளிச்சென்று இருந்தன. குழுவினர் பாராட்டிவிட்டுப் போனார்கள். குழுவோடு கூட உட்கார்ந்திருந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் மட்டும் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தார். இந்தக் கல்லூரிப் பிள்ளைகள் பயிற்சி எடுப்பது அவருடைய ஆஸ்பத்திரியில்தான்.

பிரின்சிபாலின் மேஜைமேல் அந்த ஜெராக்ஸ் தாள் கிடந்தது.

"யாரு மேடம் இது எழுதினது?"

நோட்டு மேடம் தாளைப் பார்த்தார். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் பதினான்காம் கட்டிலுக்குரிய பிரஷர் மாத்திரையைப் பதினைந்தாம் கட்டிலில் இருந்தவருக்குக் கொடுத்துவிட்டேன், என் கை நடுங்கியது, யாரிடமும் சொல்லவில்லை என்று போகும் பக்கம். ஓரத்தில் அவருடைய சிவப்பு எழுத்து: 'அபாரம்! இதுதான் நேர்மை.'

"ஏன் சார்?"

"ஏன்னா கேக்கறீங்க? அந்தப் பதினஞ்சாம் பெட் பெரியவருக்கு அன்னிக்கு சாயங்காலம் பிரஷர் விழுந்து, ஐ.சி.யூ.வுக்கு மாத்தியிருக்காங்க. பொழைச்சுட்டாரு, வீட்டுக்கும் போயிட்டாரு. ஆனா அவர் மகன் விடல. ஒரு மாசமா ஒரு ஆபீஸ் பாக்கி இல்லாம புகார் எழுதிப் போட்டுக்கிட்டு இருக்காரு. எப்படி நடந்துச்சுன்னு ஆஸ்பத்திரியில தலையைப் பிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. நாம வெத்தலை பாக்கு வச்சு அழைக்காத குறையா, ஃபைல்ல போட்டு நீட்டியிருக்கோம். பெரிய டாக்டர் போன் பண்ணினாரு. நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பேரு வேணுமாம்."

"சார், யார்கிட்டயும் காட்ட மாட்டேன்னு பிள்ளைங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"ஜெராக்ஸ் எடுத்தப்போ அந்த வாக்கு எங்க போயிருந்துச்சு?"

"பேரைச் சொன்னா என்ன பண்ணுவாங்க சார்?" என்று மட்டும் கேட்டார் மேடம்.

"மாலையா போடுவாங்க? இங்கேருந்து அனுப்பிடுவாங்க. வேற எந்த காலேஜ்லயும் சேர்க்க மாட்டாங்க. நர்ஸ் வேலைங்கிற பேச்சே அந்தப் பிள்ளைக்கு அதோட முடிஞ்சுது."

எழுதியது யார் என்று மேடத்துக்குத் தாளைப் பார்க்காமலே தெரியும். வகுப்பில் எல்லோரும் பொடிசு என்று கூப்பிடும் பெண். டிரிப் பாட்டிலை மாட்ட ஸ்டூல் போட்டு ஏற வேண்டிய உயரம். அவளுடைய அம்மா ஒரு சோப்புத் தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறவர். மகள் நர்ஸ் ஆகிவிட்டாள் என்று இப்போதே கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாராம்.

பொடிசு செயல்முறைக் கூடத்தில் இருந்தாள். ரப்பர் பொம்மை நோயாளி படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில், தனியாகக் கட்டுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். மேடம் கதவைச் சாத்தினார். கை சும்மா இருக்கவில்லை, தாழ்ப்பாளையும் போட்டது.

"அஞ்சாவது வாரம். பதினஞ்சாம் பெட். நீ எழுதியிருந்தியே."

"ஆமா மேடம்."

"அந்தப் பெரியவரை அன்னிக்கு சாயங்காலமே ஐ.சி.யூ.வுக்கு மாத்தினாங்க. இப்ப ஆஸ்பத்திரியில பேரு கேக்கறாங்க."

பொடிசின் கையிலிருந்த துணிச்சுருள் விழுந்து உருண்டு போயிற்று. அவள் அதை எடுக்கக் குனியவில்லை. "அவங்களுக்கு எப்படி மேடம் தெரியும்? யாரும் படிக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே?"

நோட்டு மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதை அப்புறம் பேசலாம். உண்மையைச் சொல்லு. மாத்திரையை மாத்திக் குடுத்தியா?"

"இல்ல மேடம்."

"பயப்படாதே. நான் இருக்கேன்."

"நெஜமா குடுக்கல மேடம். நான் அன்னிக்கு மருந்துத் தட்டையே தொடல. அது... எழுதினேன்."

"எழுதினேன்னா?"

"எழுதினேன் மேடம். மார்க்குக்கு." பொடிசு பொம்மையின் போர்வையை இழுத்து விட்டாள். "எனக்கு அஞ்சுக்கு மேல வரவே இல்ல. பாதிக்குக் கீழ இருந்தா பரிட்சைக்கு விட மாட்டேன்னு கிளாஸ்ல என்னை எழுப்பி நிக்க வச்சுச் சொன்னீங்க. அப்பத்தான் ஹாஸ்டல்ல அக்காங்க சொன்னாங்க, தப்பு இருந்தாத்தான் மேடம் மார்க் போடுவாங்கன்னு. எல்லாரும் அப்படித்தான் மேடம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் மெஸ்ல உக்காந்து பேசி வச்சுக்குவோம். நீ ஊசி, நீ டிரிப், நான் மாத்திரைன்னு. ரெண்டு பேருக்கு ஒரே தப்பு வந்துடக் கூடாதில்ல?"

தப்பைப் பங்கு போட்டிருக்கிறார்கள்! மேடம் கண் கலங்கிப் படித்த பக்கங்கள் எல்லாம், மெஸ்ஸில் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு ஏலம் விட்டவை. அவள் சொல்வது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மாட்டிக்கொண்ட யாரும் சட்டென்று இப்படித்தான் சொல்வார்கள். மூன்று வருடமாக அறுபது பேர் மனசைப் படித்ததாக நினைத்திருந்தவருக்கு, எதிரில் நிற்கும் ஒரே ஒரு முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

கூடத்தை விட்டு வெளியே வந்தபோது இன்னொன்றும் அவருக்கு உறைத்தது. அந்தப் பெண் நிஜமாகவே மாத்திரையை மாற்றிக் கொடுத்திருந்தால் தேவலை என்று மனசின் ஒரு மூலை ஆசைப்படுகிறது. கொடுத்திருந்தால் நோட்டு பிழைத்துவிடும். சீ, என்ன பிறவி நான் என்று தன்னையே திட்டிக்கொண்டு, அதே வேகத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்.

வார்டுப் பொறுப்பில் இருந்த சிஸ்டர், மேடம் நர்ஸாக இருந்த நாளில் அவரிடம் வேலை பழகியவர். பார்த்ததும் "வாங்கக்கா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். எந்தத் தேதி என்று கேட்டதும் முகம் இறுகிவிட்டது.

"அந்தப் பொண்ணு பேரைக் குடுத்துட்டீங்களாக்கா?"

"இன்னும் இல்ல. ரெஜிஸ்டரைக் காட்டு. பாக்கணும்."

சிஸ்டர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்து மூடினார். பிறகு அலமாரியிலிருந்து தடித்த ரெஜிஸ்டரை எடுத்து வைத்துவிட்டு, திரைச்சீலையை இழுத்து விட்டார். மேடம் விரலை வைத்து வரிவரியாக இறங்கினார். பதினைந்தாம் கட்டில், பெரியவர், வியாழன் மாலை ஐந்து மணிக்கு மாற்றப்பட்டார். பதினான்காம் கட்டில், புதன்கிழமை காலை வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆள் வந்தது வெள்ளிக்கிழமை.

"வியாழக்கிழமை பதினாலு காலியா?"

"காலிதான். மெத்தையைக்கூட வெயில்ல போட்டிருந்தோம்."

ஆளே இல்லாத கட்டிலுக்கு ஏது மாத்திரை? இல்லாத மாத்திரையை மாற்றிக் கொடுப்பது எப்படி? பொடிசு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஞாபகத்தில் வந்த இரண்டு எண்களைப் போட்டிருக்கிறாள். அவ்வளவுதான் நடந்திருக்கிறது. மேடத்துக்கு நிம்மதியில் மூச்சு வந்தது, அந்த மூச்சு முடிவதற்குள் துக்கமும் வந்தது. அந்தப் பெண் பிழைத்தாள், நோட்டு போயிற்று.

"அக்கா, இதை நான் காட்டல, நீங்க பாக்கல." சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணு இல்லேன்னு ஆயிடுச்சுன்னா அடுத்து எங்க கழுத்துக்குத்தான் கத்தி வரும். அவருக்கு ஏற்கெனவே இதயம் வீக்கு. யார் மேலயும் தப்பு இல்லாம இருக்கலாம். ஆனா அதை யாரு கேப்பாங்க?"

"உன் பேரைச் சொல்ல மாட்டேன்."

"உங்க நோட்டுப் பிள்ளைங்களுக்கும் இப்படித்தானே சொன்னீங்க?" என்றார் சிஸ்டர். குத்த வேண்டும் என்று சொன்னதுபோலவும் தெரியவில்லை. சுருக்கென்று தைத்தது.

வீட்டுக்கு வந்ததும் மேடம் பொடிசின் நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். ஒவ்வொரு வாரமாகப் படித்திருக்கிறாரே ஒழிய, ஒரு நோட்டை வரிசையாக அவர் படித்ததே இல்லை. முதல் வாரம்: ஒரு அம்மாவுக்குத் தலை வாரிவிட்டேன், சிக்கு எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது, அவர் என்னைத் திட்டிக்கொண்டே தூங்கிப்போனார். மார்க் நான்கு. சிவப்பில், 'இது வெறும் செய்தி. உன் தவறு எங்கே?' இரண்டாம் வாரம்: இன்று எல்லாம் சரியாக நடந்தது, கிளம்பும்போது சந்தோஷமாக இருந்தது. நான்கரை. 'மேலோட்டம்.' மூன்றாம் வாரம் நான்கு. நான்காம் வாரம் ஐந்து. 'இன்னும் ஆழம் வேண்டும்.' ஐந்தாம் வாரம் ஒன்பது. அதற்குப் பிறகு எட்டரைக்குக் கீழே இறங்கவே இல்லை.

உண்மை எழுதிய நான்கு வாரமும் அடித்திருக்கிறார். பொய் எழுதிய அன்றைக்குத் தட்டிக் கொடுத்திருக்கிறார். மேடம் நோட்டின்மேல் கவிழ்ந்து அழுதார்.

வீட்டுக்காரர் பயந்துபோய் டி.வி.யை அணைத்தார். விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டு, "பேசாம பேரைக் குடுத்துடு. எழுதினது அவதானே? நீயா எழுதச் சொன்னே?" என்றார்.

"நான்தாங்க எழுதச் சொன்னேன்."

"உளறாதே. இன்னும் ரெண்டு மாசத்துல துறைத் தலைவர் ஆகப்போறே. பதினஞ்சு வருஷம் நாயா உழைச்சிருக்கே. எல்லாத்தையும் ஒரு நாள்ல கொட்டிக் கவுத்துக்கப் போறியா?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. மனைவிக்காகப் புருஷன்தான் கவலைப்பட வேண்டும், வேறு யார் படுவார்கள்? மேடம் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்ச் சாதத்தைப் போட்டார்.

புதன்கிழமை காலை கல்லூரிக் காரில் பிரின்சிபாலும் மேடமும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். மேடம் கண்டதையெல்லாம் காரிலேயே சொன்னார். சிஸ்டரின் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. பிரின்சிபால் கேட்டுவிட்டு டிரைவரின் முதுகைப் பார்த்தபடி இருந்தார்.

"அப்படின்னா அந்தப் பிள்ளை செய்யல."

"செய்யல சார்."

"செஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும் மேடம்." அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "தப்பு செஞ்சு ஒத்துக்கிட்டான்னா ஒரு பிள்ளை போகும். எழுதினது பொய்யின்னா அறுபது நோட்டும் பொய்யான்னு கேப்பாங்க. குழு முந்தாநாள்தான் நம்மளைத் தலையில தூக்கி வச்சுட்டுப் போயிருக்கு. யோசிச்சுப் பேசுங்க. பேரை மட்டும் சொல்லுங்க. மத்ததை அவங்க விசாரிச்சுக்கட்டும்."

"விசாரிப்பாங்களா சார்? ஒரு மாசமா ஆள் கிடைக்காம தவிக்கிறாங்க. எழுதிக் கையெழுத்துப் போட்ட ஆள் கிடைச்சா விடுவாங்களா?"

கார் ஆஸ்பத்திரி வாசலில் திரும்பியது.

பெரிய டாக்டரின் அறையில் நாற்காலிகள் குளிர்ந்திருந்தன. அவர் எடுத்த எடுப்பில், "பேரு?" என்றார்.

"அதுக்கு முன்னாடி அந்த வியாழக்கிழமையோட வார்டு ரெஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லுங்க சார்" என்றார் மேடம். "பதினாலாம் பெட் அன்னிக்குக் காலியா இருந்ததான்னு பாருங்க."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மணியடித்தார். ரெஜிஸ்டர் வருவதற்குள் பத்து நிமிடம் ஆயிற்று. பிரின்சிபால் தன் கைக்கடிகாரத்தின் வாரைத் தளர்த்தினார், இறுக்கினார். ரெஜிஸ்டர் வந்தது. டாக்டர் பக்கத்தைப் புரட்டிப் படித்தார். ஜெராக்ஸ் தாளைப் பக்கத்தில் வைத்து இன்னொரு தரம் படித்தார்.

"சரி, காலிதான். ஆனா செய்யாத தப்பைச் செஞ்சேன்னு ஒரு பொண்ணு எதுக்கு எழுதணும்? பைத்தியமா?"

பிரின்சிபால் மேடத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொன்ன பார்வை அது.

மேடம் பையிலிருந்து பொடிசின் நோட்டை எடுத்தார். பெயர் இருந்த அட்டைமேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டார். "மார்க்கை மட்டும் படிக்கிறேன் சார். நாலு. நாலரை. நாலு. அஞ்சு. இந்த நாலு வாரமும் அந்தப் பொண்ணு நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கா. அப்புறம் ஒன்பது. அதுதான் நீங்க படிச்ச பக்கம். தப்பு பண்ணினேன்னு எழுதினாத்தான் மார்க்குன்னு நான்தான் சார் சொல்லிக் குடுத்திருக்கேன். வாயால சொல்லல, சிவப்பு மையில சொல்லியிருக்கேன். இந்த ஒரு நோட்டு மட்டுமில்ல, எல்லாமே இப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன்."

சொல்லி முடித்ததும் உடம்பு லேசானதுபோல் இருந்தது. ஆனால் டாக்டர் விடவில்லை.

"இருக்கட்டும். நீங்க இதைப் படிச்சப்போ பொய்யின்னு உங்களுக்குத் தெரியாதே?"

"தெரியாது சார்."

"நெஜம்னுதானே நினைச்சீங்க?"

"ஆமா சார்."

"ஒரு பேஷண்டுக்கு வேற ஒருத்தரோட பிரஷர் மாத்திரை போயிருக்குன்னு நினைச்சீங்க. யார்கிட்டயும் சொல்லலன்னும் எழுதியிருக்கு. நீங்களும் பதினோரு வருஷம் வார்டுல இருந்தவங்க." டாக்டர் தாளை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். "பேஷண்ட் என்ன ஆனாருன்னு யாரையாவது கேட்டீங்களா?"

நோட்டு மேடம் சிவப்பு எழுத்தைப் பார்த்தார். அபாரம். பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி வேறு.

"கேக்கல சார்" என்றார்.

அறையை விட்டு வெளியே வந்தபோது பொடிசின் பெயரை யாரும் கேட்கவில்லை. பெரியவரின் விஷயத்தை முதலிலிருந்து பார்க்க டாக்டர் தனியாக ஆள் போட்டார். வார்டு சிஸ்டர் ஒரு வாரம் மேடத்தின் போனை எடுக்கவில்லை. பிரின்சிபால் திரும்பி வரும்போது காரின் முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலமே சுற்றறிக்கை வந்துவிட்டது: சிந்தனைக் குறிப்பேடு மறு உத்தரவு வரும்வரை நிறுத்தி வைக்கப்படுகிறது. மேடத்துக்குத் தனியாக ஒரு கடிதம், விளக்கம் கேட்டு. துறைத் தலைவர் பதவியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. இல்லாததிலேயே விஷயம் தெரிந்தது.

மறுநாள் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு வந்து வாங்கிப்போனார்கள். பொடிசு மட்டும் வகுப்பில் இல்லை. செயல்முறைக் கூடத்தில் இருந்தாள். மேடம் அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தார்.

"உன் பேரு வெளியே போகல. இனிமேலும் போகாது."

"தெரியும் மேடம். ரொம்ப தேங்க்ஸ்."

"தேங்க்ஸ் எதுக்கு? உன் பக்கத்தை ஊருக்குக் காட்டினது நான். என்னை மன்னிச்சுடு."

ஒரு டீச்சர் தன்னிடம் மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பொடிசுக்குத் தெரியவில்லை. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, சரி மேடம், பரவாயில்ல மேடம் என்று என்னவோ முணுமுணுத்தாள்.

மேடம் போகத் திரும்பினார். மனசு கேட்கவில்லை. இரண்டு நாளாகத் தொண்டையில் நின்ற கேள்வி அது.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நெஜமாவே அப்படி ஒரு தப்பு உன் கையால நடந்திருந்தா, என்கிட்ட எழுதியிருப்பியா?"

பொடிசு யோசித்தாள். "மாட்டேன் மேடம்."

"பயமா?"

"பயம்லாம் இல்ல மேடம்." அவளுக்கு மேடம் ஏன் இதைக் கேட்கிறார் என்பதே விளங்கவில்லைபோல் இருந்தது. "நெஜமா நடந்திருந்தா அப்பவே வார்டு சிஸ்டர்கிட்ட ஓடியிருப்பேனே. நோட்டு ஞாயித்துக்கிழமைதானே மேடம் எழுதுவோம்? அதுவரைக்கும் பேஷண்ட் என்ன ஆவாரு?"

வார்டுக்குப் போகும் வண்டி வந்துவிட்டதென்று கீழேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். பொடிசு நோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினாள். நோட்டு மேடத்துக்கு எங்காவது உட்கார வேண்டும்போல் இருந்தது. அந்தக் கூடத்தில் நாற்காலி ஒன்றும் இல்லை. ரப்பர் பொம்மையின் காலைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்தார்.